குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னோம்

காக்கா,

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் மகளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கப்போகிறார்கள். அதற்கு முன் வயிற்றைக் காலி செய்ய நேற்று சாயங்காலம் ஒரு மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். அந்த ஆரஞ்சு வாசனை இன்னும் என் கையில் இருக்கிறது. சவூதியிலிருந்து வரும்போதெல்லாம் நீங்கள் டப்பா டப்பாவாகக் கொண்டு வருவீர்களே, அந்த ஆரஞ்சுப் பொடியின் வாசனை. தெருவுக்கே கரைத்துக் கொடுப்பீர்கள். தங்கை எனக்கென்று ஒரு டப்பாவை மட்டும் அலமாரியில் ஒளித்து வைப்பீர்கள். ஒளித்து வைப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

வாப்பா நாற்பது வயதில் போனார். மூலம் என்றார்கள். அவருடைய தம்பி போனார், அதுவும் மூலம். உங்களுக்கும் ரத்தம் போகத் தொடங்கியபோது லீவில் வந்து சென்னையில் காட்டினீர்கள். பெருங்குடல் முழுக்க வேர்க்குரு போல நூற்றுக்கணக்கில் கட்டிகள், பரம்பரையாக வரும் அபூர்வமான நோய், விட்டால் புற்றுநோயாகும், குடலையே எடுத்துவிட வேண்டும், உடன்பிறந்தவளையும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நீங்கள் அந்தச் சீட்டை மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு மறுபடியும் விமானம் ஏறிவிட்டீர்கள்.

எனக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம் அது. பெண்ணுக்கு ஒரு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பதும் நம் ஊர் வழக்கம். என் வீட்டுக்குச் சுவர் மட்டும் எழுந்திருந்தது. தளம் போட வேண்டும், தரை போட வேண்டும் என்று பதினொரு மாதம் சவூதியிலேயே இருந்தீர்கள். வீடு முடிந்து, கல்யாணமும் முடிந்த பிறகுதான் ஆபரேஷனுக்குப் படுத்தீர்கள். குடல்வால் ஆபரேஷன் என்று எங்களிடம் சொன்னீர்கள். நாங்கள் ஊருக்கு அதையே சொன்னோம்.

வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டியிருந்ததை மட்டும் ஒளிக்க முடியவில்லை. உங்கள் மனைவி வீட்டில், மாமனார் மாமியார் நடமாட்டத்துக்கு நடுவில், அதை மாற்ற உங்களுக்குக் கூச்சம். பொழுது விடிந்ததும் என் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். "இம்புட்டுப் பெரிய வூடு கட்டிருக்கேன், பாத்ரூமாச்சும் எனக்கு ஒதவட்டும்" என்று சிரிப்பீர்கள். புண் ஆறும்வரை பை என்றுதான் நானும் நம்பினேன். ஒரு நாள் அது கழன்று கைலியெல்லாம் நனைந்துவிட்டது. நான் அலசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாய் திறந்தீர்கள்.

"குடல்வால் இல்ல புள்ள. பெருங்குடலையே எடுத்துட்டாங்க. இது நம்ம வூட்டுச் சீக்கு. ஒன்னையும் பாக்கணுமாம்."

"எப்பலேர்ந்து தெரியும் காக்கா?"

"போன வருசமே."

"ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா ஒன்ன யாரு கட்டுவா?"

கைலியை வாளியில் போட்டுவிட்டுக் கத்தினேன். எனக்கு யார் வீடு கேட்டது என்று கத்தினேன். நீங்கள் கீழே விழுந்த சோப்பை எடுத்துக் கொடுத்தீர்கள்.

எனக்கும் இருந்தது. ஆனால் முற்றவில்லை. எனக்கும் பெருங்குடலை எடுத்தார்கள், நான் பிழைத்துக்கொண்டேன். அப்போது கைலிக்குள் பையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "மூக்கப் பொத்திக்கிட்டு ஒரே மடக்காக் குடிச்சிரு" என்று மருந்துத் தண்ணீரைக் கொடுத்தது நீங்கள்தான். அடுத்த வருடமே உங்களுக்குப் புற்றுநோய் ஈரலுக்குப் பரவி, போய்விட்டீர்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மகளையும் நீங்கள் பார்க்கவில்லை. அந்தப் பதினொரு மாதத்தில்தான் பரவியதா, அதற்கு முன்பே பரவியிருந்ததா என்று டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை. இத்தனை வருடமாகக் கேட்கவில்லை.

மகளைப் பன்னிரண்டு வயதிலிருந்தே காட்டச் சொன்னார்கள். பரீட்சை என்றேன், நோன்பு என்றேன், பிறகு சம்பந்தம் பேசுகிறார்கள் என்றேன். உங்கள் தங்கைதானே நான். போன வாரம் மாப்பிள்ளையின் தாயார் வந்து, டீயைக் குடித்துக்கொண்டே, "ஒங்க வூட்ல யாருக்கும் சீக்கு கீக்கு இல்லல்ல?" என்று பேச்சுக்குத்தான் கேட்டார். குடல்வால் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, காக்கா. விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னேன். உங்களைச் சொன்னேன், என் வயிற்றுத் தழும்பைச் சொன்னேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து போனவர்கள் இன்னும் போன் செய்யவில்லை. என் வீட்டுக்காரர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு எல்லாமே அலுப்பாக இருக்கிறது.

இன்று காலை ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. உங்கள் பழைய சீட்டில் அந்த இடத்தில் 'இல்லை' என்று இருக்கும். இன்னும் வைத்திருக்கிறேன். மகள் 'தாய்மாமா' என்று முதலில் எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"மவுத்தாகும்போது மாமாவுக்கு என்ன வயசும்மா?"

"முப்பத்தி ரெண்டு."

எழுதினாள். அதற்குக் கீழே என் பெயரை எழுதினாள். பிறகு உள்ளே போனாள்.

கதவு இன்னும் திறக்கவில்லை. எத்தனை முறை கழுவியும் கையிலிருந்து ஆரஞ்சு வாசனை போகவில்லை. உங்கள் மேல் எனக்கிருக்கும் கோபமும் போகவில்லை. நீங்கள் கட்டிய வீட்டில்தான் இருக்கிறேன், நீங்கள் சொன்னதால்தான் உயிரோடு இருக்கிறேன். ஆனாலும் தளம் போடாத அந்தச் சுவர்களுக்கு நடுவில், கல்யாணம் நின்றுபோன தங்கையும் நீங்களுமாக உட்கார்ந்திருந்திருக்கலாம், காக்கா.