சும்மா உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் அண்ணன் எழுதிய கடிதம் இல்லை இது, என் கையால் நானே எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, காய்ச்சல் என்று எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். தொடங்கி இன்றோடு ஐந்து நாள். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடுகிறது, அதற்கே விரல் மரத்துப்போகிறது. அம்மா எட்டிப் பார்த்து, "எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு, ஆனா எறும்பு இதைவிட வேகமா ஊரும்" என்கிறாள். சொல்லட்டும். எட்டு மாதம் மாலை வகுப்புக்குப் போனதில் எனக்கு உலகம் பேச ஆரம்பித்துவிட்டது கண்ணு. கடை போர்டு, பஸ் பலகை, மருந்து டப்பா என்று எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடக்கிறேன். சந்து முனைச் சுவரில் பெரிதாக ஒன்று எழுதியிருக்குமே, ஏதோ தலைவரின் வாசகம் என்று நினைத்து இத்தனை வருடம் மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறேன். போன மாதம் படித்துப் பார்த்தால் இங்கே சிறுநீர் கழிக்காதே என்று இருக்கிறது. நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன்.

அண்ணி பரவாயில்லை, வயிற்று வலி குறைந்திருக்கிறது. அண்ணன்தான் என்னோடு இரண்டு வாரமாகச் சரியாகப் பேசுவதில்லை. அதன் காரணத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத்து வந்த சந்தோஷத்தில் சுவரைப் பற்றி எழுதிவிட்டேன்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நீ வேகமாகப் பேசுகிறாய், நான் சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. தொட்டிக்குள் இறங்கும் ஆள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அமுக்க வேண்டும், அமுக்காவிட்டால் ஆபீசில் மணி அடிக்கும், அந்த மாதிரி நம் போன் ஆப்பில் வைத்துவிட்டேன், இனி கவலை இல்லை என்றாய். நானும் சரிம்மா என்றேன். போனை வைத்ததும் அம்மா, "எதுக்கு இப்போ சரின்னீங்க?" என்று கேட்டாள். தாளில் எழுதினால் நடுவில் யாரும் பேச மாட்டார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கு வரிசை பிடிபடுகிறது.

முப்பத்தாறு வருடம் நான் செய்தது ஒரே தொழில், தண்ணீர்த் தொட்டி கழுவுவது. மாடித் தொட்டி, தரைக்கடியில் இருக்கும் தொட்டி, ஆஸ்பத்திரித் தொட்டி, விடுதித் தொட்டி. ஆள் எத்தனை வைத்தாலும் நான் போய் நிற்காத இடத்தில் வேலை நடந்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனிக்கும் காய்ச்சல். நீ படித்து முடித்து வந்து, "அப்பா, இது கம்பெனி இல்ல, உங்க கழுத்துல கட்டின கயிறு. உங்க தலைக்குள்ள இருக்கிறதை எடுத்து ஒரு ஆப்ல போட்டா, நீங்க வீட்ல உக்காந்திருக்க, நூறு ஊர்ல வேலை நடக்கும்" என்றாய். எனக்கு அன்றைக்குத் தலை கால் புரியவில்லை. பெயர்கூட எழுதத் தெரியாதவன் தலையில் நூறு ஊருக்குப் போகிற சரக்கு இருக்கிறதென்று பெற்ற மகள் சொன்னால் யாருக்குத்தான் புரியும். இரண்டு மாதம் கையில் நோட்டும் கடிகாரமுமாக என் பின்னாலேயே வந்தாய். மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், விளக்கை எத்தனை அடி இறக்கிப் பார்க்க வேண்டும், மருந்து எவ்வளவு, எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினாய். முப்பத்திரண்டு படி வந்தது. எனக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, "இதுல ஏதாவது தப்பு இருக்காப்பா?" என்று கேட்டாய். நான் காதைக் கூர்மையாக வைத்துக் கேட்டேன், ஒரு தப்பும் இல்லை. அப்படியே சொன்னேன்.

இன்றைக்கு அறுபது கம்பெனி அந்த ஆப்பை வைத்து வேலை செய்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி இன்னும் இருநூறு கம்பெனி சேரப்போகிறது. அந்த அறுபதில் ஒரு கம்பெனியின் ஆள்தான், ஒரு குடியிருப்பின் அடித்தொட்டியில் தனியாக இறங்கி மயங்கிக் கிடந்தார். மேலே யாரும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, வாளிக் கயிறு அசையவே இல்லையே என்று அந்தக் குடியிருப்பின் காவல்காரர் எட்டிப் பார்த்திருக்கிறார். உயிர் இருந்தது, தூக்கிவிட்டார்கள்.

அதைக் கேட்ட வாரம்தான் நான் அண்ணனிடம் சொல்லி அந்த ஆப்பை என் போனில் போட்டுக்கொண்டேன். நானே படிக்கலாம் என்று ஆசை. மூன்று நாள் ஆனது முப்பத்திரண்டு படியையும் படிக்க. என் பேச்சு அச்சில் வந்திருக்கிற மாதிரி இருந்தது, ஒவ்வொன்றுக்கும் அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். காதால் கேட்கும்போது ஒரு வரி போனால் அடுத்த வரி வந்துவிடும், இருப்பது சரியா என்றுதான் மனம் பார்க்கும். கண்ணால் படிக்கும்போது வரி அங்கேயே நிற்கிறது. பத்தொன்பதாவது படி, ஏணியில் உள்ளே இறங்கவும். இருபதாவது படி, அடிச் சேற்றை அள்ளவும். அந்த இரண்டுக்கும் நடுவில் என் விரல் நின்றுவிட்டது. அன்றைக்கு அதற்குமேல் போகவில்லை. நான் எங்கே என்று தேடினேன் கண்ணு. நான் அங்கே இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாய், "அப்பா, அவர் உள்ள இறங்கினதுல இருந்து நாப்பது நிமிஷம் நீங்க தொட்டி வாய்ல உக்காந்து என்ன பண்றீங்க?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம்மிடம் வேலை செய்கிற நெட்டையன் உள்ளே சேற்றில் நிற்கிறான், முதலாளி மேலே காற்று வாங்கிக்கொண்டு அவனைக் கேலி பேசிக்கொண்டு இருக்கிறான், இதைப் போய் வேலை என்று எப்படிச் சொல்வது. "சும்மா உக்காந்திருக்கேம்மா. வாய் சும்மா இருக்காதே, அதான் அவன வம்புக்கு இழுக்கிறேன்" என்றேன். நீ சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினாய். என்ன எழுதினாய் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், மேலே இருப்பவருக்கு வேலை இல்லை என்று எழுதியிருப்பாய். அதிலிருந்துதான் ஒரு ஆள், ஒரு நாளில் நான்கு தொட்டி என்ற கணக்கு பிறந்தது. அந்தக் கணக்கைக் காட்டித்தான் நீ ஆப்பை விற்கிறாய்.

நான் சும்மா உட்காரவில்லை என்று எனக்கே அந்த விரல் நின்றபோதுதான் தெரிந்தது. இறங்கும் முன் உள்ளே விட்டுப் பார்க்கிற விளக்கு, அணையாமல் எரிந்து நல்ல காற்று இருப்பதாகக் காட்டும். உள்ளே போய் மண்வெட்டியால் சேற்றைக் கிளறினால்தான் அடியில் அடைந்து கிடக்கிற கெட்ட காற்று எழும்பும். அது ஏறும்போது உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது, அவனுக்குச் சுகமாகக்கூட இருக்கும். மேலே இருப்பவனுக்குத்தான் தெரியும், எப்படியென்றால் பதில் தாமதமாகும். "என்ன மாப்பிள்ளை, உள்ள பொண்ணு பாக்கப் போயிட்டியா, சத்தத்தையே காணோம்" என்பேன். "பொண்ணு உங்க மூஞ்சியப் பாத்துட்டு வேணாங்குது, மூடிய மூடிட்டுப் போங்க" என்று அந்த நொடியே திரும்பி வர வேண்டும். ஒரு மூச்சு தள்ளி வந்தால் இன்னொன்று கேட்பேன். "ம்" என்று மட்டும் வந்தால் கேள்வியே கிடையாது, இடுப்புக் கயிற்றை இழுத்துவிடுவேன். இந்த முப்பத்தாறு வருடத்தில் ஆறு பேரை இழுத்திருக்கிறேன். ஆறு பேரும் மேலே வந்து, எனக்கு ஒண்ணுமில்லையே, எதுக்கு இழுத்தீங்க என்று என்னோடு சண்டை போட்டார்கள். உன்னிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டால், அரட்டைக்கெல்லாம் யாராவது காரணம் சொல்வார்களா. செய்தேனே தவிர அதைத் தெரிந்தவனாக நான் இல்லை.

அதனால்தான் அந்தப் பொத்தான் உதவாது என்கிறேன். மயக்கம் ஏறியவன் நன்றாக இருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்குவான். அமுக்காமல் விட்டு மணி அடித்தாலும் ஆபீஸ் இருப்பது ஊரின் அந்தக் கோடியில். மணிக்குக் கையிருந்தால் கயிற்றை இழுக்கட்டும். தொட்டி வாயில் ஒரு ஆள் வேண்டும், வாய் ஓயாத ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சேர்த்தால் ஒரு ஆள் நான்கு தொட்டி என்பது இரண்டு ஆள் நான்கு தொட்டி ஆகிவிடும், இருநூறு கம்பெனியில் பாதி ஓடிவிடும் என்று அண்ணன் சொல்கிறான். "ஊர் உலகமே தனியாத்தான் இறங்குது, உங்களுக்கு மட்டும் என்ன" என்று கத்தினான். ஓடட்டும் என்று எழுத எனக்கு எளிதாக இருக்கிறது, அந்த ஆப்புக்காக நீ ஐந்து வருடம் கண் விழித்தது எனக்குத் தெரியும், அதனால் எழுதிவிட்டு அடித்துவிட்டேன், பார்த்தால் தெரியும். இப்போது நெட்டையன் இறங்குகிற தொட்டிக்கெல்லாம் நானே போய் உட்காருகிறேன், முழங்கால் வலி அதில் வந்ததுதான். அண்ணன் பேசாமல் இருப்பதும் அதனால்தான்.

மீதியை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுத வேண்டும். தொட்டியில் மயங்கிக் கிடந்த அந்த ஆளை நான் போய்ப் பார்த்தேன். இரண்டாவது மாடியில் ஒரே அறை வீடு. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்பது வயதுகூட இருக்காது. சட்டைப் பித்தான் போடத் தெரியவில்லை. முன்னால் ஒரு மேசை, அதை ஒரு துணியால் மூலையில் தொடங்கித் துடைத்துக்கொண்டே இருக்கிறார், முடிந்ததும் திரும்பவும் அதே மூலை. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவர் மனைவி, நான் யாரென்று கேட்காமலே ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "பெரியவரே, கம்பெனியில இத குடுத்து அனுப்பிட்டாங்க. இவர் படிகளைச் சரியா செய்யலையாம், தப்பு இவரோடதாம், அதனால அவங்க பொறுப்பில்லையாம். எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

ஒருவர் என்னிடம் தாளை நீட்டிப் படிக்கச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கூட்டிக் கூட்டி வாசித்தேன். ஒவ்வொரு படியும் முடிந்ததும் போனில் அமுக்க வேண்டும், இறங்குவது வரை உள்ள பத்தொன்பது படிகளையும் அவர் ஒரே நிமிடத்தில் அமுக்கியிருக்கிறார், ஆகவே எதையும் முறைப்படி செய்யவில்லை என்று இருந்தது. கையுறை மாட்டுவதற்கு முன்னால் எல்லாரும் அப்படித்தான் மொத்தமாக அமுக்குகிறார்கள், நெட்டையனும்தான். அவர் மூடியைத் திறந்து போட்டுக் காத்திருந்ததையும் விளக்கு இறக்கியதையும் அந்தக் காவல்காரர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார், நான் போய்க் கேட்டேன். தாளின் அடியில், ஆப் கம்பெனிக்காக என்று, உன் பெயர் அச்சில் இருந்தது. உன் பெயரை நான் வைத்தேன், இத்தனை வருடம் கூப்பிட்டேன், எழுத்தில் அதை நானாகப் படித்தது அந்தத் தாளில்தான். அதை மட்டும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

நீ பொய் எழுதவில்லை கண்ணு. பட்டியலில் இருப்பதை வைத்துத்தான் எழுதியிருக்கிறாய், பட்டியல் என்னுடையது. அதனால் அந்த மேசையிலேயே, அவர் துடைத்த இடத்தில், அவர் பிள்ளையின் நோட்டில் ஒரு தாள் கிழித்து வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டேன். தொட்டி கழுவும் முறையைச் சொன்னவன் நான், மேலே ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டவன் நான், பட்டியலில் இல்லாததை இந்த மனிதர் செய்திருக்க முடியாது, இவர்மேல் தப்பு இல்லை. இவ்வளவுதான் எழுதினேன், ஒரு மணி நேரம் ஆனது. கீழே கையெழுத்தும் போட்டேன். நான் யாரென்று அப்போதுதான் சொன்னேன். அவள் அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "இத நான் வெளியில காட்டினா உங்க பொண்ணுக்கு வம்பு வராதா?" என்று கேட்டாள். வரும்மா என்றேன். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டு என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், குடிக்க முடியவில்லை.

உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்டிருந்தால் போனில் நீ காரணம் சொல்லியிருப்பாய், நான் சரிம்மா என்றிருப்பேன். முதல் தேதிக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேரும் என்று அஞ்சலகத்தில் சொல்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்ததை அவள் காட்டுவதற்கு முன்னால், உன் பெயர் போட்ட அந்தத் தாளை நீயே திரும்ப வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும். அப்படிச் செய் என்று நான் சொல்லவில்லை, அப்பாவுக்கு அது ஒரு ஆசை.

நீ நீடு வாழ வேண்டும், உன்னை நம்பி இறங்குகிறவர்களும் வாழ வேண்டும். குட்டிக்கு என் முத்தம். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு அலையாதே. என்மேல் கோபம் வந்தால் போன் செய்யாதே, எழுது. எவ்வளவு கோபமாக இருந்தாலும் கொட்டை எழுத்தாக எழுது, அப்போதுதான் ஒன்றுவிடாமல் படிப்பேன்.

உன்னைக் குறையாத அன்போடு நினைத்திருக்கும்
அப்பா