மூக்கை இறக்கும் சுவிட்ச்

மச்சான்,

இன்று காலை உன் படகை விற்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேகக் கைப்பிடியில் இருக்கிற சின்ன சுவிட்சில் நீ சுற்றிய கறுப்பு டேப் இன்னும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது. பின்னால் தண்ணீருக்குள் நிற்கும் புரொப்பெல்லர் காலை உள்ளே இழுக்கவும் வெளியே தூக்கவும் உள்ள சுவிட்ச். அதோடு நீ போட்ட சண்டையை நினைத்துச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

லொறியை விற்று, நீர்த்தேக்கத்தில் ஆட்களை ஏற்றி ஓட்ட இதை வாங்கியபோது திகனயில் உன்னைக் கேலி செய்யாத ஆளில்லை. நானும் செய்தேன். பிடித்திருந்தால் தங்க வருபவர்களை நம் படகில் அனுப்புவதாகச் சொல்லி ஒரு ஹோட்டல் மானேஜர் பார்க்க வந்தார். புறப்பட்டதும் படகின் மூக்கு மேலே தூக்கியது. மகியங்கனை மலைப்பாதையில் லொறி ஓட்டிப் பழகிய நீ அதை மேடு என்றே எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினாய். எஞ்சின் கத்தியது, பின்பக்கம் அமிழ்ந்தது, முன்னால் வானத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு மீன்பிடி வள்ளத்தில் மோதாமல் மயிரிழையில் தப்பினோம். அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு மானேஜர் இறங்கிப் போனார்.

படகோடு வந்த புத்தகத்தைப் படித்தது நான். புறப்படும்போது புரொப்பெல்லர் காலை முழுக்க உள்ளே இழு, மூக்கு இறங்கும். படகு தண்ணீர்மேல் ஏறி ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடு. துள்ளினால் திரும்பச் சற்று உள்ளே என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ கேட்டால்தானே.

"மூக்க அமுக்கினா நேரா தண்ணிக்குள்ள போயிடும் மச்சான்."

பிரேக் போன லொறியை ஒருமுறை இறக்கத்தில் ஓட்டியவன் நீ. உன் பிடிவாதம் வெறும் பயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைசியில் பிஸ்மி சொல்லி சுவிட்சை அமுக்கினாய். மூக்கு இறங்கியது. எதிரே ஹுன்னஸ்கிரிய மலை முழுசாகத் தெரிந்தது. "இது மேடு இல்ல மச்சான், தண்ணி," என்று எனக்கே பாடம் எடுத்தாய். அடுத்த வாரம் மானேஜர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நீ போய் நாற்பதாம் நாளும் முடிந்துவிட்டது. வாப்பா இல்லாமல் தனியே நடத்த ஏலாது என்று உன் மகள் விற்க முடிவெடுத்திருந்தாள். வாங்குவதற்கென்று கம்பளையிலிருந்து வந்தவருக்கு இன்று அவளே ஓட்டிக் காட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன். மூக்கு தூக்கியது. அவள் கை வேகத்தைக் கூட்டத்தான் போனது. உன் இரத்தம் அல்லவா. வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கை பாதியில் நின்றது.

"இது மேடு இல்ல, தண்ணி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கட்டைவிரலால் உன் டேப்பை அமுக்கினாள்.

கரைக்கு வந்ததும் வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டாள். படகு விற்பதற்கில்லை. நாளைக்கு ஹோட்டலிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள்.

புது டேப் சுற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் மாமா என்றாள். இதை எழுதும்போதும் அதன் பசை என் விரலில் இருக்கிறது. நான் அதைக் கழுவவில்லை.