மதர் ஈனிட்டுக்குச் சொல்லாத செய்தி

ஜூன் 11
மதர் ஈனிட்டால் இனி எழுந்து நடக்க முடியாதாம். அவரையும் மடத்து போனையும் கரோலின் சிஸ்டர் என் பொறுப்பில் விட்டுவிட்டார். மதர்தான் இந்த மராத்தி ஊரில், தாபோடியில் பார்த்த டீச்சர் வேலையை உதறிவிட்டு, ஏரவாடாவில் ஒரு தகரக் கொட்டகையில் இந்த மடத்தை ஆரம்பித்தவர். ஐம்பது வருஷமாகிறது. இன்று கஞ்சியை என் மேல் துப்பினார். "உப்புப் போடக்கூடத் தெரியல. இருபது வருஷமா என்னத்தக் கத்துக்கிட்ட, ஜான்சி?"

ஜூன் 14
குளிக்க ஊற்றிய தண்ணீர் சூடு அதிகம். தெரிந்துதான் விளாவாமல் விட்டேன்.

ஜூன் 19
மதரின் தம்பி கிறிஸ்டோபர் ஆஸ்பத்திரியில். அவர் மகன் ஜெர்சன் போன் செய்தான். "அத்தைகிட்ட குடுங்க சிஸ்டர். அப்பா அக்கா, அக்கான்னு அனத்திட்டே இருக்காரு." ஜெப நேரம், அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. ஏன் சொல்லணும்? தூத்துக்குடியில் என் அம்மா செத்த சேதியை எட்டு நாள் மறைத்து வைத்தவர் இவர். அடக்கமெல்லாம் முடிந்தபின், சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னார். "வாசல் தாண்டி வந்தவளுக்கு வீடு கிடையாது. அழணும்னா அழு. தட்டைக் கழுவிட்டே அழு."

கழுவினேன்.

ஜூன் 21
நாலு தடவை போன். எடுக்கவில்லை.

ஜூன் 22
கிறிஸ்டோபர் போய்விட்டார். ஜெர்சன் கேட்டுக்கே வந்துவிட்டான். "ஆம்புலன்ஸ் கொண்டு வந்திருக்கேன் சிஸ்டர். அஞ்சு நிமிஷம் முகத்தப் பாத்துட்டு வந்துடட்டும்." மதர் வரமாட்டேன் என்கிறார் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது!

தலை வாரிவிடும்போது மதர் கேட்டார்: "கிறிஸ்டி போன் பண்ணானா?"

"இல்லை மதர்."

ஜூன் 30
எட்டு நாள் ஆயிற்று. கஞ்சி ஊட்டி, வாய் துடைத்துவிட்டுச் சொன்னேன். "உங்க தம்பி போன வாரம் செத்துட்டாரு. அடக்கமும் ஆயிடுச்சு."

கத்துவார் என்றிருந்தேன். கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா பேரு என்ன?"

இத்தனை வருஷத்தில் இன்றுதான் கேட்கிறார். சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 3
வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார். மூன்று நாளாக. ஒரே ஒரு வாய் மதர், எனக்காக மதர் — நானா இப்படிக் கெஞ்சுகிறேன்?

ஜூலை 9
விடிகாலையில் போய்விட்டார். ஜெர்சன் வரவில்லை. "எங்கப்பா கூப்பிட்டும் வரமாட்டேன்னு சொன்னவங்களுக்கு நாங்க எதுக்கு வரணும்?" என்று கரோலின் சிஸ்டரிடம் சொன்னானாம்.

செப்டம்பர் 2
மதரின் வாழ்க்கை வரலாற்றை கரோலின் சிஸ்டர் எழுதி முடித்துவிட்டார். அச்சுக்குப் போகுமுன் என்னைப் பார்க்கச் சொன்னார். பதினேழாம் பக்கம்: 'உடன்பிறந்த தம்பி மரணப்படுக்கையிலிருந்து அழைத்தபோதும் நம் அன்னை மடத்து விதியை மீறவில்லை. வரமாட்டேன் என்றார்.'

ஐயோ. அவர் சொல்லவே இல்லையே. அவருக்குத் தெரியவே தெரியாதே.

"பிழை ஏதாவது இருக்கா?" என்றார்.

"இல்லை சிஸ்டர்."

நவம்பர் 18
போன மாதம் சேர்ந்த ஆஷா, பக்கத்தில் தேஹு ரோடு பெண், மராத்தியில் படித்தவள். அப்பாவுக்கு நெஞ்சுவலி, இரண்டு நாள் போய்வரட்டுமா என்று பையும் கையுமாக வந்து நின்றாள். கரோலின் சிஸ்டர் அந்தப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "இவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. பதினேழாம் பக்கத்தை நீயே வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன்.

ஆஷா பையைக் கீழே வைத்தாள். பிறகு, "மதர் ரொம்ப கிரேட், இல்ல சிஸ்டர்?" என்றாள்.

ஆமாம் என்றேன்.