போர்டில் இருந்த ஊர்

வளையக்காட்டுத் தோட்டம்,
திருச்செங்கோடு.
கார்த்திகை, 1983

நாந்தேட்டில் போர்வெல் வண்டியோடு இருக்கும் என் பேரன் காளியண்ணனுக்கு உன் அப்பத்தா ஆத்தாயி எழுதிக்கொண்டது. இங்கு நானும் மாடு கன்றும் சௌக்கியம். அங்கு உன் சௌக்கியத்தை நீதான் எழுத வேண்டும்.

ஆயுத பூசை முடிந்து நீ வண்டி ஏறிய பிறகு நாந்தேட்டில் இருந்து போட்ட கடிதம் வந்தது. சௌந்திரம் படிக்கிறேன் என்றாள். நான் கொடுக்காமல் நானே படித்தேன். பிறகு அவளும் அதைத் தனியாக எடுத்துப் போய்ப் படித்துக்கொண்டாள், எனக்குத் தெரியாது என்று நினைத்து. உன் பெண்டாட்டிதானே, படித்துவிட்டுப் போகட்டும்.

அவளுக்குக் கட்டுச்சோறு விருந்து நல்லபடியாக முடிந்தது. உன் மாமனார் சேந்தமங்கலத்தில் இருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனார். அவர்கள் கொண்டுவந்த புளிச்சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. போகும்போது சௌந்திரம் அழவில்லை. வாசலில் நின்று, அப்பத்தா, அவங்க கடுதாசி வந்தா எனக்கும் குடுத்து உடுங்க, நீங்க படிச்சுட்டே குடுத்தாலும் பரவாயில்லீங்க என்றாள். குத்தலைப் பார். ஆனாலும் அவள் போன பிறகு வீடு வீடாக இல்லை.

நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சந்தைக்குப் போகும்போதெல்லாம் உங்கள் ரிக் ஆபீசுக்குள் நுழைந்து சுவரில் இருக்கும் கரும்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று கணக்குப்பிள்ளை மாதையன் அதில் எழுதி வைத்திருக்கிறான். மூன்றாம் நம்பர், நாந்தேடு. நான் ஐந்தாவது வரை படித்தவள், ஒருவரையும் கேட்காமல் நானே படித்துக்கொள்கிறேன். கவரின் மேல் இங்கிலீசு விலாசம் மட்டும் மாதையன் எழுதிக் கொடுக்கிறான்.

பாறை உடையும்போது கிளம்புகிற தூளை மூச்சில் வாங்காதே. மூக்கோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொள். டிரைவர் கட்டவில்லை, டிரில்லர் கட்டவில்லை என்று நீயும் கட்டாமல் இருக்காதே.

பிள்ளைக்கு என்ன பெயர் என்று இப்போதே யோசித்து எழுது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பெயர் நம் வீட்டில் இருந்துதான் போக வேண்டும்.

மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரர் உன்னைப் பார்த்துக்கொள்வார்.

உன் அப்பத்தா,
ஆத்தாயி

*

வளையக்காட்டுத் தோட்டம்,
தை, 1984

காளியண்ணனுக்கு ஆத்தாயி எழுதுவது.

சௌக்கியம் கேட்டுக் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஆகையால் இதில் கேட்கவில்லை.

மார்கழியில் உனக்குப் பெண் பிறந்தது. அன்றைக்கே தந்தி கொடுத்தோம். மாதையன் போர்டைப் பார்த்து, என் கண்முன்னால்தான் விலாசம் எழுதினான். அதனால் தந்தி வரவில்லை என்று என்னிடம் சொல்லாதே. தந்தியைப் பார்த்தும் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை உனக்கு.

தபால்காரரோடு சண்டை போட்டேன். எங்கூட்டுக் கடுதாசிய மட்டும் கெணத்துல வீசறயா என்று கேட்டேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஏனுங்கம்மா, உங்க பேரன் எழுதுனாத்தானுங்க நான் கொண்டாந்து குடுக்க முடியும் என்றார். களையெடுக்க வந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். உன்னால் எனக்கு இந்த மரியாதை.

பொங்கல் கழிந்து சேந்தமங்கலம் போய்க் குழந்தையைப் பார்த்தேன். உன் காதுதான், மேல்பக்கம் மடங்கிய அதே காது. பசித்தால் அழுவதில்லை, உறுமுகிறது. எல்லாரும் பாப்பா, பாப்பா என்றே கூப்பிடுகிறார்கள். பெயர் கேட்டால் சௌந்திரம், அவங்க எழுதட்டும் என்கிறாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் கையைத்தான் பார்த்தாள், கடிதம் இருக்கிறதா என்று.

உன் மாமனார் இலை போட்டு, பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே கேட்டார். ஏனுங்க அத்தை, பொட்டப்புள்ளைன்னு உங்க பேரனுக்குக் கை ஓடலீங்களா? இல்லாட்டி மூணு வரி எழுத என்னங்க கேடு? மாசி முடியறவரைக்கும் பாக்கறனுங்க. அதுக்குள்ள பேரு வரலீன்னா எம்புள்ளையும் பேத்தியும் எங்கூட்டுலயே இருந்துக்கட்டும், சீர்ச் சாமானத்தை ஏத்தியார வண்டி அனுப்பறனுங்க என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பேரன் அப்படிப்பட்டவன் இல்லை என்று அடித்துச் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கே அது நம்பிக்கையாக இல்லை.

தாயில்லாத பிள்ளை என்று உன்னைத் தோளில் போட்டு வளர்த்தேன். பெண் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனாக நீ ஆகிவிட்டாய் என்றால், இந்தத் தோட்டத்துப் படியை மிதிக்காதே.

ஆத்தாயி

*

வளையக்காட்டுத் தோட்டம்,
மாசி, 1984

ராய்ப்பூரில் இருக்கும் என் சாமி காளியண்ணனுக்கு அப்பத்தா எழுதிக்கொண்டது.

மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் இதைப் படி. உனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். மார்கழியில் பிறந்தாள். தாயும் பிள்ளையும் நல்ல சௌக்கியம். காது உன்னுடையது. நிறம் சௌந்திரத்தைப் போல் வரும் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பிறகு மீதியைப் படி.

படித்தாயா? இனி நடந்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்குக் கேசிங் பைப் ஏற்றி வந்த லாரி டிரைவர் சின்னுசாமி போன வாரம் ஊர் திரும்பி, நேராக நம் வீட்டுக்கு வந்தான். உங்க பேரன் சொல்லச் சொன்னானுங்க, ஊட்டுல அத்தனை பேருக்கும் கை மடங்கிப் போச்சா, ஒரு கடுதாசி போட நாதியில்லையா, அவங்க போடறவரைக்கும் நானும் போடமாட்டன்னானுங்க என்றான். எனக்கு வந்த கோபத்துக்குக் காப்பியைக் கூடக் கொடுக்கவில்லை. நாந்தேட்டுல உக்காந்துக்கிட்டு இந்த வாயா என்றேன். நாந்தேடுங்களா? அங்கிருந்து கார்த்திகை பொறந்ததுமே கெளம்பியாச்சுங்களே, வண்டி இப்ப நிக்கறது ராய்ப்பூர்லீங்க என்றான். பெண் பிறந்ததைச் சொன்னாயா என்று கேட்டேன். எனக்கே நீங்க இப்பச் சொல்லித்தானுங்க தெரியும் என்றான். அப்புறம் காப்பி கொடுத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு ஆபீஸ் போனேன். போர்டில் மூன்றாம் நம்பர், நாந்தேடு என்றே இருந்தது. மாதையனைப் பிடித்துக்கொண்டேன். அவன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான், ஊர் மாறியது எனக்கே தெரியாதுங்கம்மா என்று. உன் முதலாளி வெள்ளியங்கிரி வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போனோம். அவர் பெரிய நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் நாந்தேட்டை அடித்துவிட்டு ராய்ப்பூர் ஏஜெண்டு விலாசத்தைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். நோட்டு சரியாகத்தான் இருக்கிறது.

விசயம் இதுதான். முன்பெல்லாம் வண்டி ஊர் மாறினால் டிரங்கால் ஆபீஸ் போனுக்கு வரும். மாதையன் எடுப்பான், நோட்டில் எழுதுவான், அப்படியே ஸ்டூலில் ஏறிப் போர்டையும் மாற்றிவிடுவான். தீபாவளிக்கு முதலாளி வீட்டில் போன் வைத்தார்கள். நோட்டும் அங்கே போய்விட்டது. டிரங்கால் வந்தால் இப்போது அவரே எழுதி மூடி வைத்துவிடுகிறார். மாதையனுக்கு யார் சொல்வது? அவன் போர்டைப் பார்த்தே எங்கள் எல்லாருக்கும் விலாசம் எழுதித் தந்துகொண்டிருக்கிறான். நான் முதலாளியிடம் கேட்டேன், போர்டை மாத்தச் சொல்லக் கூடாதுங்களா என்று. அவர் என்ன சொன்னார் தெரியுமா? போர்டா? அதை இன்னும் எவன் பாக்கறான் என்றார். நாங்க அத்தனை பேரும் அதைத்தானுங்க பாக்கறோம் என்றேன். மனிதர் வெற்றிலையை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். மற்ற வண்டிகளையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தால், இன்னும் இரண்டு ஊர் தப்பு.

உன் வண்டி டிரில்லர் பெண்டாட்டி ஆராயி இருக்கிறாளே, அவளுக்கு எழுத்து வராது. அதனால் ஒவ்வொரு தடவையும் முதலாளி வீட்டுச் சமையல்கட்டு வழியாகப் போய்க் கேட்டுக்கொண்டு வருவாளாம். அவளுக்கு ராய்ப்பூர் எப்போதோ தெரியும். நான் படித்தவள் ஆயிற்றே, கேட்பேனா?

அன்றைக்கே மாதையன் போர்டை மாற்றினான். அத்தோடு தீர்ந்தது என்று வந்துவிட்டேன். மாசி அமாவாசை கழிந்து போய்ப் பார்த்தால் மறுபடியும் நாந்தேடு! எனக்குக் கண்தான் கெட்டுவிட்டதோ என்று பக்கத்தில் போய் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். நாந்தேடேதான். அமாவாசைக்கு அமாவாசை ஆபீசைக் கழுவி, போர்டையும் துடைத்துப் பொட்டு வைத்துப் பூசை போடுவார்களே, பூசை முடிந்ததும் மறுபடி எழுதுவதற்கு மாதையன் ஒரு காகிதத்தில் எல்லா ஊரையும் குறித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். அது தை அமாவாசைக்குக் குறித்த காகிதம். அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டான். கேட்டால், பழக்க தோசமுங்க என்கிறான்.

எனக்கு எங்கே இருந்து அந்த வேகம் வந்ததோ, முந்தானையை எடுத்து உன் வண்டிக்கு நேரே இருந்த ஊரை அழித்துவிட்டேன். ஆபீசில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். என்னுங்கம்மா இது, வண்டி நம்பர் மட்டும் இருந்து ஊரில்லாட்டி எப்படீங்க என்றார். இப்படியே வெறும் எடமாக் கெடந்திருந்தா நான் அன்னைக்கே உங்களைக் கேட்டிருப்பனுங்க, பொய்யா ஒரு ஊரு இருந்ததாலதானுங்க கேக்காமப் போனேன் என்றேன். இனிமேல் டிரங்கால் வந்ததும் வீட்டு ஆள் வந்து அந்த வண்டியின் ஊரை அழித்துவிட வேண்டும், மாதையன் முதலாளி வீட்டுக்குப் போய் நோட்டைப் பார்த்த பிறகுதான் புது ஊரை எழுத வேண்டும் என்று ஏற்பாடாகிவிட்டது. மாதையன் காகிதத்தை என் கண்முன்னாலேயே அடுப்பில் போட்டான்.

இன்னொன்று. நாந்தேட்டு ஏஜெண்டு கடையில் கிடக்கும் கடிதங்களையெல்லாம் உனக்கு அனுப்பச் சொல்லி முதலாளி டிரங்கால் போட்டிருக்கிறார். கார்த்திகையில் எழுதியதைப் படி. தையில் எழுதிய ஒன்று இருக்கும், அதைப் பிரிக்காமல் கிழித்துவிடு. அதில் பேசுகிறவள் இப்போது இங்கே இல்லை. அவள் சொன்னது எதுவும் இன்றைக்குச் செல்லாது.

நேற்று சேந்தமங்கலம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் மாமனார், போர்டு கெடக்கட்டுங்க, நோட்டு கெடக்கட்டுங்க, பேரு எங்கீங்க என்றார். அவர் இன்னும் இறங்கி வரவில்லை. மாசி முடிய நாள் அதிகம் இல்லை. சௌந்திரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அப்ப அவங்களுக்கு இன்னும் தெரியவே தெரியாதுங்களா அப்பத்தா என்றாள். தெரியாது கண்ணு என்றேன். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு, அப்படீன்னா அவங்க சந்தோசப்படறது இன்னும் பாக்கி இருக்குதுங்களே என்றாள். இத்தனை நாளும் அழாத பெண், அதைச் சொல்லிவிட்டு அழுதாள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலையில் சின்னுசாமி மறுபடி பைப் ஏற்றிக்கொண்டு உங்களிடம்தான் வருகிறான், அவன் கையில் கொடுக்கிறேன். அவன் திரும்பும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே நீ தபாலில் எழுது. சேந்தமங்கலத்துக்கு எழுது, எனக்கு அல்ல. ஊர் மாறினேன், போர்டு மாறவில்லை என்றெல்லாம் அவளுக்கு விளக்கிக்கொண்டு இருக்காதே. அது நான் சொல்லி, அவளும் நம்பியாகிவிட்டது. முதல் வரியிலேயே பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாள் என்று கேள். என்ன பெயரானாலும் எனக்குச் சம்மதம். என் பெயரை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது பழைய காலத்துப் பெயர்.

நீயும் உன் வண்டியும், உன் கூட வேலை செய்கிறவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போடுகிற குழியில் எல்லாம் தண்ணீர் வர வேண்டும்.

எனக்கென்று தனியாகக் கடிதம் வேண்டாம். அவளுக்கு எழுதுகிற கடிதத்தின் ஓரத்தில் என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை போடு. எனக்கே படிக்கத் தெரியும்தான். இருந்தாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சௌந்திரம் படித்துக் காட்டட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பத்தா,
ஆத்தாயி