வீடு மாறி வந்துட்டீக

அக்கா,

பேத்திக்குக் கேப்பை அரைக்க இன்றைக்கு மில்லுக்குப் போனேன். சூடான மாவு வாசனை முகத்தில் அடித்ததும் உங்கள் ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

தேனியில் ஒரு வாடகை வீட்டில், நாலு பாயோடு உங்கள் சர்ச் சபைக்காரர்கள் அந்த இல்லத்தைத் தொடங்கிய புதுசு. கஞ்சா, குடி என்று கெட்டுப்போன பிள்ளைகளை வைத்துப் பார்ப்பீர்கள். பெற்றவர்களிடம் பேச வீடு தேடியும் வருவீர்கள். இல்லத்து வேன் எந்த வாசலில் நின்றாலும், அந்த வீட்டுப் பிள்ளை சரியில்லை என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

என் மகன் செல்வம் பதினேழு வயசில் கஞ்சாவை விடமுடியாமல் கிடந்தான். கல்யாண வயசில் மகளும் இருந்தாள். வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. வாரா வாரம் பஸ்ஸில் வந்து, மில்லுக்கு வந்தவர் போலத் தூக்குவாளியில் கேப்பையோடு எங்கள் வீட்டுக்குள் நுழைவீர்கள். "ஒங்க மானத்தக் காப்பாத்தப் போயி எங்க பிள்ளைகளுக்கு தெனமும் களிதான், செல்வத்தம்மா" என்பீர்கள். அவனும் சிரிப்பான். உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் இல்லத்துக்கு வர ஒப்புக்கொண்டான்.

மகளைப் பெண் பார்க்க போடியிலிருந்து வந்திருந்த அன்று, இல்லத்தில் திடீரென்று ஒரு இடம் காலியாகி, சொல்லியனுப்ப நேரமில்லாமல் வேனிலேயே வந்துவிட்டீர்கள். வேனில் வந்திருப்பது யாரென்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார். நான் வாசலுக்கு வந்து சொன்னேன்:

"வீடு மாறி வந்துட்டீக."

என் முகத்தையே பார்த்தீர்கள். "ஆமாத்தா, தெரு மாறிருச்சு" என்று வண்டியைத் திருப்பச் சொன்னீர்கள்.

உள்ளே கதவுக்குப் பின்னால், துணிப்பையோடு செல்வம் நின்றிருந்தான். கொல்லைப்பக்கமாகப் போனவன்தான், திரும்பவே இல்லை.

மறுநாள் நீங்கள் வந்து கேட்டபோது, வேன் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டான் என்றேன். நம்பினீர்கள். அவன் போட்டோவை வைத்துக்கொண்டு குமுளி, வண்டிப்பெரியாறு என்று எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்தீர்கள். வருசக்கணக்காக.

மகள் அந்தச் சம்பந்தத்திலேயே நன்றாக இருக்கிறாள். அவள் பெற்ற பிள்ளை ஆறாவதில் முதல் மார்க். ஐந்தாவதோடு நின்ற நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வாய் வரவில்லை, அக்கா. நீங்கள்தான் என் கையைப் பிடித்தீர்கள்.

"ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா பிள்ளை கெடைச்சிருப்பான். என்னைய மன்னிச்சிருத்தா."

உங்களை அடக்கம் செய்து வந்த நாளிலிருந்து அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். நான் தலையாட்டினேன். மன்னித்துவிட்டதாகத் தலையாட்டினேன்.