ஆன்டோவின் தலைமுடி

2010 பிப்ரவரி 9, செவ்வாய்
ஸ்டூடியோவில் இன்று மூன்று படம். ஒன்று வலங்கைமான் அரிசிக்கடைக்காரருடையது. அறுபது வயது வழுக்கைக்கு முடி வேண்டுமாம். மருதையன் அண்ணன்தான் ஸ்டூடியோ முதலாளி. "முடின்னா ஜெனிட்டாகிட்ட விட்டுடுங்க, கம்ப்யூட்டர்லயே வரைஞ்சிடும். சீப்பெடுத்து சீவலாம் போல இருக்கும்" என்று என்னைப் பற்றி அளந்துகொண்டிருந்தார்.

வளைகுடாவிலிருந்து தமிழ்ச் சங்கத்துக்காரர் போன் செய்தார். என் புருஷன் ஆன்டோவின் படம் அனுப்பினால் நோட்டீஸ் ஒட்டித் தேடுவார்களாம். அவரிடமிருந்து போன் வந்து ஏழு மாதம். கடைசியாகப் பேசும்போது, "இங்க தண்ணி சரியில்ல, தலையெல்லாம் அரிக்குது" என்றார். நான் சிரித்தேன்.

பிப்ரவரி 10
கல்யாண ஆல்பம் புயல் வெள்ளத்தில் ஊறி ஒட்டிப்போய்விட்டது. இருப்பது விசாவுக்கு எடுத்த படம் ஒன்றுதான். வேளாங்கண்ணியில் நேர்ந்துகொண்டு மொட்டை போட்ட மறுநாள் எடுத்தது.

மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "மொட்டத்தலைய எவன்டி அடையாளம் கண்டுபுடிப்பான்? ஊரான் தலைக்கெல்லாம் முடி வைக்கிற, எம்புள்ளைக்கு வைக்க மாட்டியா?" என்றார்.

சரிதானே.

பிப்ரவரி 14, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. அண்ணனிடம் சாவி வாங்கி உட்கார்ந்தேன். முதலில் மொத்தமாக இருட்டு. அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம். கடைசியில்தான் ஒற்றை ஒற்றை இழை. நெற்றி ஓரத்தில் தோல் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தொப்பி மாட்டியது மாதிரி ஆகிவிடும்.

வகிடு இடமா, வலமா? நாலு வருஷம் கூட வாழ்ந்தவள். வெட்கமாக இருந்தது. அவர் தலையில் எண்ணெய் வைத்ததைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். இடம்.

சுழியருகே படியாமல் நாலு முடி நிற்கும். அதையும் போட்டேன். போட்டதும் அழுகை வந்துவிட்டது. அவரேதான்.

மார்ச் 4, வியாழன்
ஒட்டியாயிற்றாம். மெஸ், ஆஸ்பத்திரி, சர்ச் வாசல் எல்லா இடத்திலும்.

மார்ச் 28, குருத்து ஞாயிறு
ஒன்றுமில்லை.

மே 18, செவ்வாய்
நன்னிலத்துக்காரர், கிளாட்சன் என்று பெயர், வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கிறார். படம் எடுக்க வந்தவர் என் மேஜைமேல் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தார். "இது எங்க மெஸ்ஸுல இருந்துச்சு. தினம் இதுக்குக் கீழதான் சாப்பாடு" என்றார். பக்கத்தில் விசாப் படம் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அக்கா, இது நம்ம மொட்டை அண்ணன்ல?"

வேலைக்கு எடுத்தவனை விட்டு ஓடிவந்தவராம். பாஸ்போர்ட் அவனிடம் மாட்டிக்கொண்டது. பயத்தில் பெயரைக்கூட யாரிடமும் சொல்லவில்லை. முடி கொட்டக் கொட்ட மழித்துக்கொண்டே இருந்தாராம். "பிப்ரவரி கடைசில காய்ச்சல் முத்திப்போய் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏத்திவிட்டோம். அப்புறம் தெரியலக்கா."

அப்போ அந்த மொட்டையவே அனுப்பியிருந்தா — என்ன பண்ணிட்டேன் நான்? யாரு கேட்டா அந்த நாலு முடிய?

மே 19
முடியை எல்லாம் அழித்தேன். நாலு நாழி வரைந்தது, அழிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. அடியில் மொட்டை அப்படியே இருந்தது. அனுப்பிவிட்டேன்.

மே 24, திங்கள்
ஆஸ்பத்திரி நர்ஸ் பார்த்ததுமே சொல்லிவிட்டாராம். ஏப்ரல் பதினொன்று வரை உயிரோடு இருந்திருக்கிறார். பெயர் தெரியாதவர் என்று அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

என் நோட்டீஸ் அந்த வார்டு வாசலிலேயே ஒட்டியிருந்ததாம்.

ஜூன் 21, திங்கள்
சேதி வந்ததிலிருந்து முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். மொட்டைப் படத்தைத்தான் திறந்து வைத்திருந்தேன். மாமியார் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்.

"முடியோட போடும்மா. எம்புள்ள இப்படியா இருப்பான்?"

முதலிலிருந்து ஆரம்பித்தேன். இருட்டு, வெளிச்சம், இழை. அவர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வகிடு எடுத்தபோது என் தோளைத் தொட்டார்.

"அவனுக்கு வலப்பக்கம்டி."

மாற்றிப் போட்டேன்.