மலை தெரிந்தால் மழை இல்லை

ஐப்பசி 2, சனி

காலையிலேயே வெயில். ஐப்பசி மாதிரியே இல்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். ஆறாம் வகுப்புக் கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. யார் பார்க்கப் போகிறார்கள்.

கஞ்சி போட்டது ஏழு சேலை. பத்து மணிக்கே விறைப்பு. கரி ஒரு மூட்டை சொல்லணும். மூணாவது மாடி டீச்சரம்மாவின் பச்சைச் சேலையில் மஞ்சள் கறை. நான் பண்ணியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடணும்.

அதே டீச்சரம்மா பால்கனியிலிருந்து, "மல்லிகா, மழ வருமா? துணி போடட்டா?"

"என்னையக் கேட்டா? என்ற இஸ்திரி வண்டிக்கு வருணபகவான் வந்து டீ குடிச்சுப்போட்டு, சேதி சொல்லீட்டா போறாருங்க?"

சிரித்தார். முன்பெல்லாம் பதில் சொல்வேன். இந்தச் சந்தே என்னைக் கேட்டுத்தான் துணி காயப்போடும். கஞ்சித் துணியோடு பிழைக்கிறவளுக்கு வானம் பார்க்கத் தெரியாவிட்டால் துணி நாறிவிடும். ஒரு வருஷமாகச் சொல்வதில்லை. கிண்டல் மட்டும். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

ஐப்பசி 3, ஞாயிறு

வண்டி லீவு. கறிக்குழம்பு. வீட்டுக்காரர் மூன்று தடவை போட்டுக்கொண்டார். மத்தியானம் ஒரே புழுக்கம், இலை ஆடவில்லை.

சும்மா உட்கார்ந்தால் காதில் அது கேட்கிறது. தையல் மிஷின் மிதிக்கிற சத்தம். மூன்று மிதி, ஒரு நிறுத்தம். மூன்று மிதி, ஒரு நிறுத்தம். எங்கள் வீட்டில் மிஷினே கிடையாது.

கல்யாணி அப்படித்தான் மிதிப்பாள். என் வண்டிக்குப் பக்கத்துக் கடை, பதினாலு வருஷம். செத்து இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம். கடை இப்போது அவள் மகள் நித்யாவிடம். அவள் கரண்ட் மிஷின் போட்டுவிட்டாள். கர்ரென்று ஒரே இழுப்பு. நிறுத்தமே இல்லை.

ஐப்பசி 4, திங்கள்

காற்று கிழக்கே திரும்பிவிட்டது. கையில் பிசுபிசுப்பு.

நித்யா இன்றும் கேட்டாள். கடை திறந்ததும் அவளுக்கு முதல் வேலை அதுதான்.

"பெரிம்மா, மழ வருமுங்களா?"

"ஏங் கண்ணு, மாப்பள ஊட்டுக்காரங்க வாராங்களா?"

"போங்க பெரிம்மா."

மற்றவர்கள் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்சம் நிற்பாள். அப்புறம்தான் உள்ளே போவாள்.

பதினொரு மணிக்கு ஒரு காற்று. வண்டிக்கு அடியில், ஆணியில் தொங்குகிற நீல ரெயின்கோட்டுக்குள் புகுந்தது. கோட்டு உப்பியது. இரண்டு கையும் எழும்பின. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் அப்படியே வைத்துவிட்டேன். ஒரு தலையணை உறை போச்சு.

"என்னுங்க்கா, பேயக் கண்டாப்புல நிக்கறீங்க?" பூக்காரன்.

"உன்ற மூஞ்சியப் பாத்துப்போட்டேன், அதான்."

கோட்டின் மேல் மூட்டைத் துணியைப் போட்டு மூடினேன். சாயங்காலம் பார்த்தால் துணி கீழே கிடக்கிறது.

ஐப்பசி 5, செவ்வாய்

வெயிலும் மேகமும் மாறி மாறி. எழுதிவிடுகிறேன்.

போன ஐப்பசி. மத்தியானம் இரண்டு மணி. கல்யாணி லைனிங் துணி வாங்கக் காந்திபுரம் கிளம்பினாள். ஸ்கூட்டரில் உட்கார்ந்து கோட்டை மாட்டிக்கொண்டே, "மல்லிகாக்கா, மழ வருமா?"

நான் மேற்கே பார்த்தேன். மருதமலை பளிச்சென்று. மலை தெரிந்தால் மழை இல்லை. ஆனி ஆடியில் அது தப்பாது. பாலக்காட்டுக் காற்று சாரலைக் கொண்டுவந்தால் முதலில் மறைவது மலைதான். ஆனால் ஐப்பசி மழை முதுகுப்பக்கமாக, அவிநாசி ரோட்டுப் பக்கமிருந்து வருகிற மழை. தெரியாதா எனக்கு? தெரியும். கிழக்கே ஐந்து மாடி அபார்ட்மெண்ட் மறைக்கிறது. அந்த வானத்தைப் பார்க்க மொட்டை மாடிக்குப் படியேறணும். முழங்கால் வலி. சோம்பல். வாய் மட்டும் சும்மா இல்லை.

"மழையுமில்ல இடியுமில்ல. இந்தக் கோட்டப் போட்டுட்டுப் போனீன்னா குடுகுடுப்பக்காரன்னு நாய் தொரத்தும். கழட்டு கழட்டு."

சிரித்துக்கொண்டே கழற்றினாள். என் இஸ்திரி வண்டியில் மாட்டினாள். "வந்து வாங்கிக்கறேன்."

மூன்றரைக்கு இடி. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. ரயில் பாலத்தடியில் தண்ணீர் நின்றுவிட்டது. ஸ்கூட்டர் அணைந்து, இறங்கித் தள்ளப் பார்த்து, விழுந்திருக்கிறாள். எழவில்லை.

கோட்டு காப்பாற்றியிருக்காது. ஆனால் மழை வரும் என்று சொல்லியிருந்தால் போயே இருக்கமாட்டாள். என்னைக் கேட்டுத்தானே கிளம்பினாள்.

நித்யாவுக்குத் தெரியாது. கோட்டைக் கொடுத்தால் இது எப்படி உங்களிடம் என்பாள். அதனால் ஆணியிலேயே தொங்குகிறது.

ஐப்பசி 6, புதன்

மலை பளிச்சென்று. அதே மாதிரி.

இரண்டு மணிக்கு நித்யா ஸ்கூட்டரை எடுத்தாள். அம்மா ஓட்டியதுதான், ரிப்பேர் பண்ணியது. "காந்திபுரம் போயி லைனிங் எடுத்தாரேனுங்க. பெரிம்மா, மழ வருமுங்களா?"

கிண்டல் வாயில் வரவில்லை. "நில்லு அம்மணி. அசையாத" என்றுவிட்டு அபார்ட்மெண்டுக்குள் போனேன்.

வாட்ச்மேன், "ஏனுங்க்கா, வெறுங்கையோட எங்க போறீங்க?"

"வானத்தத் தேய்க்கப் போறேன். வழிய உடு."

ஐந்து மாடி. இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். மேலே போய்ப் பார்த்தால் கிழக்கு முழுக்கக் கரி மூட்டையைக் கொட்டிய மாதிரி.

இறங்கி வந்து, மூச்சு வாங்க, "வருது. போகாத." கோட்டை எடுத்து நீட்டினேன். "உங்கம்மாளோடது. நாந்தான் கழட்டச் சொன்னேன். மழ வராதுன்னு நாந்தான் சொன்னேன் கண்ணு."

வாங்கினாள். தைத்த துணியை மடிப்பது போலக் கையை உள்பக்கம் வைத்து நிதானமாக மடித்தாள்.

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"அம்மா லைனிங் கடையில இருந்து போன் பண்ணுச்சு. மழ வராதுன்னு சொல்லி என்ற கோட்ட மல்லிகாக்கா புடுங்கி வெச்சுக்கிச்சு, கெரகம் புடிச்ச பொம்பளன்னு ஒரே சிரிப்பு. அதாம் பெரிம்மா கடைசிப் பேச்சு."

"அப்பொறம் ஏஞ் சாமி தெனமும் என்னையவே கேட்ட?"

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தனுங்க."

சாவியை உருவிக்கொண்டு கடைக்குள் போனாள். மிஷின் சத்தம் வரவில்லை.

மூணு மணி, மழை இல்லை. நாலு, இல்லை. மேகம் அன்னூர்ப் பக்கம் போய்விட்டது போல. ஐந்துக்கு வெயிலே அடித்தது. அவளுக்கு ஒரு நாள் வேலை கெட்டது.

ஐப்பசி 7, வியாழன்

கரி வந்தது, பாதி ஈரம். பச்சைச் சேலை கொடுத்தாயிற்று. கறை மாதுளம்பழமாம், டீச்சரம்மாவே ஒத்துக்கொண்டார்.

கோட்டு இப்போது நித்யாவின் கடை வாசலில், ஆணியில். அங்கேயும் காற்றுக்கு உப்பிக் கையைத் தூக்குகிறது. வண்டியில் நின்றால் நேராகக் கண்ணில் படுகிறது.

ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு வந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

"பெரிம்மா, மழ வருமுங்களா?"

பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் படியேறினேன்.

முழங்காலுக்குத் தைலம் வாங்கணும். பெரிய பாட்டில்.